கனடாப் பொதி

ஒடெங் கனடாவைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாட்டின் தோளகலமும் தொப்பைச் சுற்றளவும் அவனுக்கு அத்துபடி. எங்கள் குமாசி ஊரின் கெஜெட்டியா சந்தையில் பழந்துணி விற்கிறவர்களுக்கு உலகம் பொதி பொதியாகத்தான் வந்து சேரும். இங்கிலாந்துப் பொதி என்றால் சட்டை. கொரியாப் பொதி என்றால் எங்கள் பெண்களின் முழங்கையைத் தாண்டாத குட்டி ரவிக்கைகள். கனடாப் பொதி என்றால் கோட்டு. பஞ்சு திணித்த கோட்டு, உரோமம் வைத்த கோட்டு, கழுத்துப் பட்டையில் எந்தப் பிள்ளையின் பேரோ தைத்த பள்ளிக்கூடக் கோட்டு. நின்றால் வேர்க்கிற ஊரில் இதை எவன் வாங்குவான்? பொதி பிரிக்காமல்தான் காசு கொடுத்து எடுக்க வேண்டும். விடியக்காலையில் பட்டையை அறுத்ததும் உள்ளேயிருந்து கோட்டாக உப்பி எழும்பினால், அந்த வியாபாரி அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டான்.

அதெல்லாம் முன்பு. படித்த பிள்ளைகள் ஊரைவிட்டுக் கிளம்ப ஆரம்பித்த பிறகு கதை திரும்பியது. மற்றவர்கள் தலையெழுத்தே என்று மூலையில் போட்ட கோட்டுகளையெல்லாம் ஒடெங் சல்லிசாக வாங்கி அடுக்கினான். நர்சு, கணக்கெழுதுகிறவன், கம்ப்யூட்டர்க்காரன் என்று விசா வந்த மறுநாள் எல்லாரும் அவன் கடை வாசலில்தான். பக்கத்துக் கடையில் பெல்ட் விற்கிற இசாக்கா வயிற்றெரிச்சலைக் கோலாக் கொட்டையோடு மெல்லாமல் வெளியே துப்பிவிடுகிற ரகம்.

“ஊரே காலியானாலும் உனக்கு யாவாரந்தான்டா ஒடெங். கடைசியா போறவனுக்கும் ஒண்ணு வித்துட்டு, மிச்சத்த எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா நீயே போட்டுக்க” என்பான்.

ஒடெங் சிரித்துக்கொள்வான். தன் வீட்டிலிருந்தே ஒரு கோட்டுக்கு ஆள் கிளம்பும் என்று அப்போது அவன் நினைக்கவில்லை.

அவன் மனைவி பிராகோ பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு நர்சு. ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருத்தி என்று கிடக்கிற வார்டு. கரண்ட் போனால் கைபேசி வெளிச்சத்தில் பிள்ளை எடுப்பாள். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வாழைக்காயும் கிழங்கும் அவித்து, கீரைக் குழம்போடு தட்டை அவள் மடியில் வைக்கிறவன் ஒடெங்தான். ஆம்பளை சமைக்கிறதா என்று கேட்டவர்களிடம், துணி கெடாமல் மடிக்கத் தெரிந்தவனுக்குக் கிழங்கு அவிக்கத் தெரியாதா என்று கேட்டு வாயை மூடினான்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் அவள் கைபேசியை அவன் பக்கம் நீட்டினாள். கனடாக்காரன் ஆளுக்குப் புள்ளி போட்டு எடுக்கிறானாம். வயசுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, வேலை பார்த்த வருசத்துக்கு இத்தனை, இங்கிலீசுக்கு இத்தனை. எல்லாம் கூட்டி, அவன் கிழித்த கோட்டைத் தாண்டினால் கூப்பிடுவான்.

ஒடெங்குக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. இது நம் சந்தை வேலைதானே என்றான். முதல் பொறுக்கு, இரண்டாம் பொறுக்கு, கழிவு. நாமும் அப்படித்தானே பிரிக்கிறோம்? பிராகோவின் புள்ளி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பிறந்தநாள் வந்தால் வயசுப் புள்ளி இன்னும் இறங்கும் என்றாள். அதுவும் அவனுக்குப் புரிந்தது. சரக்கு பழசாக ஆக விலை இறங்கத்தானே செய்யும்.

“சரி, எனக்கு எவ்வளவு போட்டிருக்கான்?” என்று கேட்டான்.

பிராகோ காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தாள். “ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமேயா?”

“ஒண்ணுமில்லன்னாகூடப் பரவால்லயே. நீ கூட வர்றதால எனக்குக் குறையுது. தனியாளா இருந்தா கோட்டத் தாண்டிருவேன்.”

நல்ல சட்டையோடு கிழிசலைச் சேர்த்துக் கட்டினால் கட்டுக்கே விலை போய்விடும். இதைத் தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவன், தானே அந்தக் கிழிசலாக உட்கார்ந்திருந்தான். யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டான். யாரிடமும் பேச முடியாது, கம்ப்யூட்டர்தான் கணக்குப் போடுகிறது என்றாள். தனக்கு மதிப்பில்லை என்றதைவிட இதுதான் அவனை வாட்டியது. எதிரே ஒரு முகம் இல்லாமல், ஒரு பொய்க் கோபம் இல்லாமல், போகிற மாதிரி நாலடி நடந்து திரும்பி வர வழியில்லாமல் ஒரு விலையா?

அவனும் இங்கிலீஸ் பரீட்சை எழுதினால் கொஞ்சம் புள்ளி கூடும் என்றார்கள். மாதிரித் தாளும் ஒலிப்பதிவும் வாங்கிக் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தான். ஒரு பெண் அறை வாடகைக்குக் கேட்கிறாள், வீட்டுக்காரன் விலை சொல்கிறான், அவள் உடனே சரி என்கிறாள். அவர்கள் பேசியதைக் கேட்டு எழுத வேண்டும். ஒடெங் எழுதாமல் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தான். வாயால் பேசச் சொன்னால் அவன் இங்கிலீசிலேயே ஒட்டகத்தை விற்றுவிடுவான். எழுத உட்கார்ந்தால், பள்ளிக்கூடத்தை எந்த வகுப்பில் விட்டானோ அந்த வகுப்பு வந்து எதிரே நிற்கும்.

இந்த நேரத்தில்தான் மாமா ஆம்போங் வந்து சேர்ந்தார். பிராகோவின் தாய்மாமன். எங்கள் அசாந்தே வழக்கில் பெண்ணுக்குத் தகப்பனைவிடத் தாய்மாமன் சொல்தான் செல்லும். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு இல்லாத இடத்திலும் வழி கண்டுபிடிக்கிற மூளை. ஞாயிற்றுக்கிழமை ஃபுஃபுக் களிக்குக் கிழங்கு இடிக்கிற சத்தம் கேட்டால் தெரு தள்ளியிருந்தும் வந்துவிடுவார். எண்ணெய்ப்பனைக் குழம்பில் நத்தையைத் தேடியெடுத்து மென்றுகொண்டே விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

வார்டில் சிலர், கல்யாணம்தான் பதிவு செய்யவில்லையே, தனியாள் என்று எழுதிவிடு என்று பிராகோவிடம் சொல்லியிருந்தார்கள். அது பொய், மாட்டினால் வாழ்நாளுக்கும் கதவு மூடிவிடும் என்றார் மாமா. ஆனால் பொய்யை உண்மையாக்கிவிட்டால்? அவர்கள் கல்யாணம் எதில் நடந்தது? ஒடெங்கின் வீட்டார் சாராயப் புட்டி கொண்டுவந்து வைத்தார்கள், பிராகோவின் வீட்டார் குடித்தார்கள், அவ்வளவுதானே?

“சாராயத்துல கட்டுனத வெள்ளைக் களிமண்ணுல அவுத்துரலாம் மருமகனே. பெரியவங்க முன்னால அவ தோள்ல தூவி, உன்ன விட்டுட்டேன்னு சொல்லு. அவ தனியாள். பொய் கிடையாது. அவ அங்க போய்க் காலூன்றினதும் நீ திரும்பவும் ஒரு புட்டி கொண்டு வா. நாங்க திரும்பவும் குடிக்கறோம். எங்களுக்கு என்ன கசக்குதா?”

ஒடெங்குக்கு அந்தச் சாமர்த்தியம் இனித்தது. முகமே இல்லாத அந்தக் கம்ப்யூட்டரோடு பேரம் பேச ஒரு வழி கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்தான். உலக்கையை நிறுத்தாமல் இடித்துக்கொண்டிருந்த பிராகோவைப் பார்த்தான். “நீ சரின்னா சரி” என்றாள். அந்தப் பதிலைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவன் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பந்தாமாவில் பிராகோவின் குடும்ப வீட்டு முற்றத்தில் கூடினார்கள். வடக்கிலிருந்து புழுதிக்காற்று தொடங்கியிருந்தது. உதடு வெடித்து, வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் சாராயப் புட்டி, பக்கத்தில் தட்டில் வெள்ளைக் களிமண் பொடி. குடும்பத்தின் பெண் தலைவி நானா டூஃபி தலைமை இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நானா என்பது மரியாதைக்குச் சொல்வது. மற்றபடி அவள் இன்னும் கிழங்கு மண்டியில் தினம் நிற்கிற வியாபாரி. டெச்சிமானிலிருந்து வரவேண்டிய லாரி வழியில் நின்றுவிட்டதாக மடியில் கைபேசி அலறிக்கொண்டே இருந்தது.

மாமா ஒன்றை மறந்துவிட்டார், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டார். எங்களில் களிமண் தூவுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் புருசன் தன் குறையைச் சொல்ல வேண்டும், பெண்டாட்டி தன் குறையைச் சொல்ல வேண்டும், ஒட்டவைக்கப் பெரியவர்கள் முயல வேண்டும். குறை இல்லாமல் களிமண் இல்லை. கனடாவைப் பற்றி நானா டூஃபியிடம் யாரும் வாய் திறக்கவில்லை. ஏதாவது சொல்லு என்று மாமா கண்ணால் காட்டினார்.

ஏதாவதுதானே? சரக்கில் குறை கண்டுபிடித்தே சோறு தின்கிறவன் ஒடெங். எழுந்து மேல்துணியைத் தோளிலிருந்து இறக்கி, பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லி ஆரம்பித்தான்.

“நானா, இவ குழம்பு வச்சா உப்பு. கேட்டா, வார்டுல நாக்கு செத்துப்போச்சுங்கறா. செருப்பு வாசல்ல ஒண்ணு கிடக்கும், கட்டிலுக்கடியில ஒண்ணு கிடக்கும். ரெண்டையும் சேத்து வைக்கறது என் வேலை. ராத்திரி தூக்கத்துல ‘முக்கு, முக்கு, இன்னும் கொஞ்சம் முக்கு’ன்னு கத்தறா. நான் எந்திரிச்சு உக்காந்துக்கறேன். நான் என்னத்த நானா முக்கறது?”

முற்றம் குலுங்கியது. தூணில் சாய்ந்திருந்த கிழவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் சேர்ந்தால் வியாபாரிக்கு நாக்கு நீளும்.

“கடைக்கு வருவா. ஒரு கோட்டுக்கு நான் ரெண்டு பங்கு வெல சொல்லி, அவனும் மயங்கி நிப்பான். இவ போய், ‘அக்குள்ல தையல் விட்டிருக்கு, பாத்து வாங்குங்க’ன்னு அவனுக்கு எடுத்துக் குடுக்கறா. நர்சு புத்தி. எங்க கிழிஞ்சிருந்தாலும் கண்ணு அங்கதான் போகும். எங்கம்மா வந்தா, வாம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி பிரஷர் பாக்கறா. நாலு வருசமா நான் போட்டிருக்கற சட்டை எதுவும் அவளுக்குப் பிடிச்சதில்ல. பழந்துணிக்காரன் கிட்டயே துணி சரியில்லங்கறா, நானா.”

இன்னும் சொன்னான். தலையணையை இழுத்துக்கொள்வதை, போனை எடுக்காமல் இருப்பதை, கடைசிக் கவளத்தை எப்போதும் தட்டில் மிச்சம் வைப்பதை. சொல்லச் சொல்ல ஊறிக்கொண்டே இருந்தது. அந்த முற்றத்தில் எல்லாரும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த குறை ஒன்று உண்டு. நாலு வருசமாகியும் அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை. அதை மட்டும் அவன் சொல்லவில்லை.

நானா டூஃபி கைபேசியை அணைத்து வைத்தாள்.

“ஆம்போங், இவனும் யாவாரி, நானும் யாவாரி. என் கடைல கிழங்கத் தட்டிப் பாத்து, இது அழுகல், இது பொடிசு, இதுல கிலோக்கணக்குல மண்ணு ஒட்டியிருக்குன்னு வாய் வலிக்கச் சொல்றவ யாரு? வாங்கப் போறவ. வாங்காதவளுக்கு என் கிழங்கு எப்படியிருந்தா என்ன? ஊருல எந்த ஆம்பளையும் மொதல்ல சொல்ற குறை ஒண்ணு இருக்கு. அது இவன் வாய்ல வரல. இவன் விக்க வந்தவன் இல்ல. இந்த வீட்டுப் பொண்ண இன்னைக்கும் பேரம் பேசி வாங்கிக்கிட்டு நிக்கறான். களிமண்ண எடுத்து உள்ள வை.”

சிரிப்பும் கைதட்டுமாக இருந்தது. மாமாவின் முகம் மட்டும் தள்ளுபடியான மனு மாதிரி ஆயிற்று. தோற்றுவிட்டோமே என்று ஒடெங்குக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் என்னவோ இதமாக இருந்தது.

புட்டியைத் திறக்கப் போன நானா டூஃபி, வழக்கத்துக்காக, அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றாள்.

பிராகோ எழுந்தாள். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டாள்.

“எனக்குக் குறை ஒண்ணுமில்ல நானா. ஒடெங் நல்ல மனுசன். ஒரு நாள் கை ஓங்கினதில்ல. எங்கம்மா சாவுக்கு இந்த வீட்டு ஆம்பளைங்கள விட முன்னால நின்னான். நான் வேல முடிஞ்சு வந்தா சோறு இருக்கும். என் வயித்தப் பத்தி அவங்க வீட்டு ஆளுங்க ஒரு வார்த்தை பேச விட்டதில்ல. இப்படி ஒரு புருசன் கிடைக்கறது கஷ்டம். அவ்வளவுதான்.”

பெண்கள் ‘ஆமா ஆமா’ என்றார்கள். ஒருத்தி மேல்துணி முனையில் மூக்கைத் துடைத்தாள். ஒடெங் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் கடைக்குச் சிலர் இப்படித்தான் வருவார்கள். துணியைத் தடவிப் பார்ப்பார்கள். நல்ல துணி என்பார்கள், தையலும் சுத்தம் என்பார்கள், விலைகூட நியாயம்தான் என்பார்கள். மடித்த மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிட்டு, புன்னகையோடு போவார்கள். அப்படிப் போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்லை.

அவன் நிமிர்ந்தான். நானா டூஃபியின் கை புட்டி மூடியில் அப்படியே நின்றிருந்தது. இரண்டு வியாபாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் மூடியைத் திருகி, முதல் சொட்டைத் தரையில் முன்னோர்களுக்கு விட்டாள்.

வண்டியில் ஏறாமல் நடந்தே வந்தார்கள். தெருவோரத்தில் வாழைப்பழத்தை இஞ்சி மிளகாய் போட்டுப் பொரிக்கிற வாசனை. அவள் கேட்காமலே ஒரு பொட்டலம் வாங்கி அவள் கையில் கொடுத்தான்.

“போறதுன்னு முடிவு பண்ணிட்ட” என்றான்.

அவள் மென்றதை விழுங்கினாள். “ம்.”

“எப்பலேருந்து?”

சாலையைக் கடந்த பிறகு சொன்னாள். “போன மாசம் வார்டுல ஒருத்திய அறைஞ்சுட்டேன். சின்னப் பொண்ணு. வலியில கத்துனா, காலச் சேத்துக்கிட்டா. நான் ரெண்டு நாளாத் தூங்கல. யோசிக்கல ஒடெங். கை எனக்கு முன்னாடி போயிருச்சு. அவ என்னைப் பாத்து மன்னிச்சிருங்கம்மான்னு சொன்னா. அவ சொல்றா, எங்கிட்ட.” பொட்டலத்தை மடித்தாள். “எல்லாரும் அறையறாங்கதான். நான் அறைய மாட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். இங்கயே இருந்தா அது பழகிரும். பழகறதுக்கு முன்னாடி போயிரணும்.”

இதற்கு எதிர்விலை கிடையாது. அவளுடைய குறைகளை முற்றத்தில் அத்தனை அடுக்கியவனுக்கு இந்த ஒன்று தெரியாமல் போயிருந்தது. தூக்கத்தில் அவள் கத்துவதை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் நின்று, “புருசன் இருக்கான், ஆனா இப்பக் கூட வரலன்னு எழுத முடியாதா? ரெண்டும் உண்மைதானே?” என்றான்.

பிராகோ சாவியைப் பூட்டில் வைத்தபடி நின்றாள். “எழுதலாம். அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. அப்படிப் போட்டா தனியாளோட புள்ளிதான். கோட்டத் தாண்டும். பின்னால உன்னையும் கூப்பிட்டுக்கலாம்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா மாமாகிட்ட சொல்லாம இருந்த?”

“தெரியும். அந்தக் கட்டத்தத் தொட்டா, நான் உன்ன விட்டுட்டுப் போனதா ஆகும். களிமண்ணுன்னா நீ என்ன விட்டதா ஆகும்ல.” பூட்டு திறந்தது. “அதான் சும்மா இருந்தேன்.”

திங்கட்கிழமை மத்தியானம் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். இசாக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெல்ட்டுகளைத் தொங்கவிடப் போய்விட்டான். பிராகோ பொதிமேல் உட்கார்ந்து கைபேசியில் அந்தக் கட்டத்தைத் திறந்தாள். “தொடட்டுமா?” என்றாள். ஒடெங் தலையாட்டினான். தொட்டாள். அத்தனை சந்தை இரைச்சலில் அது எந்தச் சத்தமும் போடவில்லை.

அவன் எழுந்து கடையின் பின்பக்கம் போனான். கைவசம் காசில்லாதவர்கள் அச்சாரம் கொடுத்து, எடுத்து வை, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன சரக்கை எங்கள் சந்தையில் வெளியே தொங்கவிடுவதில்லை. உள்ளே தனியாக இருக்கும். இன்னொருத்தர் இரண்டு மடங்கு கொடுத்தாலும் அது விற்பனைக்கு இல்லை. அங்கேயிருந்து ஒரு பழுப்புக் கோட்டை எடுத்து வந்து உதறினான். என்றைக்கு எடுத்து வைத்தானோ, அவனுக்குத்தான் தெரியும். போட்டுப் பார் என்று நீட்டினான்.

அந்த வெயிலில் அவள் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். நெற்றியில் வேர்வை பொடித்தது. தொங்கிய கண்ணாடித் துண்டில் முன்னும் பின்னும் பார்த்தாள்.

“எவ்வளவு?”

வாயில் வந்த விலையைச் சொன்னான். எந்தக் கண் தெரியாத வாடிக்கைக்கும் சொல்லமாட்டான், அப்படி ஒரு அநியாய விலை.

“நல்ல கோட்டு” என்றாள் பிராகோ.

ஒடெங் கையிலிருந்த அளவுநாடாவைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அவள் கையை நீட்டினாள். மடக்கினாள். மறுபடி நீட்டினாள்.

“ஆனா கை நீளம்” என்றாள். “நெறமும் ஆட்டுத் தோல் மாதிரி. இந்தப் பொத்தான மாத்தி வச்சிருக்க, நான் பாக்க மாட்டேன்னு நெனச்சியா? இதுக்கா அந்த வெல? உனக்கு ஒண்ணு எடுத்து வைக்கலயா? அங்க வந்து எத போட்டுப்ப, இந்தச் சட்டையவா? நீ விடற குறட்டைக்கு அந்த ஊரு மரச்சுவரு தாங்காது, பக்கத்து வீட்டுக்காரன் போலீசத்தான் கூப்பிடுவான். மொதல்ல உக்காந்து இங்கிலீசு எழுதக் கத்துக்க. உன் கையெழுத்த கோழி பாத்தாகூட வெக்கப்படும். அப்பறம் அந்தக் குழம்பு. உப்பு கூடங்கறியே, நீ வைக்கற கீரைல மொளகா மட்டும் கம்மியா?”

வாசலில் இரண்டு பேர் கோட்டு கேட்டு நின்றார்கள். ஒடெங் அவர்களைப் பார்க்கவில்லை. சுருட்டிய நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த பொதியின்மேல் மெல்ல உட்கார்ந்தான்.

“அப்பறம்?” என்றான்.